ஹோம்ஸ்டே வாசலில் நிற்கும் கேரவனுக்குக் கரண்ட்: எவ்வளவு வாங்குவது நியாயம்?

குமுளி ஹோம்ஸ்டே எழுதியது:

வணக்கம். குமுளியில் நானும் வீட்டுக்காரரும் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சுற்றுலாத் துறையில் முறையாகப் பதிந்ததுதான். வீட்டை ஒட்டி, முன்பு மாட்டுத் தொழுவம் இருந்த சமதளம் சும்மா கிடக்கிறது. அது வீட்டுப் பட்டா நிலம், கட்டுப்பாடுகள் உள்ள ஏலமலைக் காட்டு நிலம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த வருடம் வாகமணில் முதல் கேரவன் பார்க் வந்தது. அதெல்லாம் பெரிய முதலீடு. எங்களிடம் வருபவர்கள் வேறு மாதிரி. டெம்போ டிராவலரையோ வேனையோ வாங்கி, உள்ளே கட்டில், சிங்க், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். மலையடிவாரத்து லோயர் கேம்ப் வழியாக ஏறி வந்ததும் "ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ளலாமா, கரண்ட் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். இடத்துக்கு 500 ரூபாய், கரண்டுக்கு 300 ரூபாய் என்று வாங்கி வந்தோம். சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுக் கொடுப்போம்.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் மதுரையிலிருந்து வயதான தம்பதி, ரிட்டயர்ட் ஆசிரியர்கள். இன்னொன்றில் பெங்களூரிலிருந்து ஆறு பேர் உள்ள குடும்பம். அவர்கள் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட விட்டார்கள், காலையில் இண்டக்‌ஷனில் சமைத்தார்கள், வண்டிக்குள் இருக்கும் கீசரில் எல்லோரும் குளித்தார்கள். இரண்டு வண்டிக்கும் அதே 300தான் வாங்கினேன். கிளம்பும்போது அந்த ஆசிரியர் அம்மா கேட்டார்: "நாங்கள் ஒரு லைட்டும் ஃபிரிட்ஜும்தான் போட்டோம் கண்ணு, அதற்கு 300 ரூபாய்க்குக் கரண்ட் ஆகுமா?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே தொகை வாங்குவதா, மீட்டர் வைப்பதா, இல்லை இட வாடகையிலேயே சேர்த்துவிடுவதா? வெளிநாட்டில் கேம்ப்சைட்டுகளில் எப்படி வாங்குகிறார்கள்? இரண்டு வண்டி நிற்கத்தான் இடம் உண்டு. பெரிதாகச் சம்பாதிக்கும் எண்ணம் இல்லை. கை நட்டமும் ஆகக் கூடாது, வருகிறவர்கள் மனம் வருந்திப் போகவும் கூடாது.

*

கோவை வேன்காரன் எழுதியது:

நான் வண்டி வைத்திருப்பவன். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன் அக்கா. மலை ஏறி, இருட்டில் இடம் தேடி வந்து சேரும்போது மீட்டர், யூனிட், கணக்கு எதுவும் மண்டையில் ஏறாது. இவ்வளவு என்று ஒரே தொகை சொன்னால் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். எனக்கு அதுதான் நிம்மதி.

ஆனால் அந்த ஆசிரியர் அம்மா கேட்டதும் நியாயம்தான். என் வண்டிக் கூரையில் 400 வாட் சோலார் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் எனக்கு யார் கரண்டும் வேண்டாம். ஜூன், ஜூலையில் உங்கள் ஊரில் மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடினால் பேட்டரி படுத்துவிடும், அப்போதுதான் ஒயர் கேட்பேன். ஒரு ராத்திரி பேட்டரி ஏற்றிக்கொள்ள 300 கொஞ்சம் அதிகம். ஏ.சி. போடுகிறவருக்கு அது குறைவு. ஏ.சி. உண்டு, ஏ.சி. இல்லை என்று இரண்டு விலை வைத்தால் என்ன?

*

கம்பம் ஒயர்மேன் எழுதியது:

தங்கச்சி, நான் கம்பத்தில் ஒயரிங் வேலை செய்கிறவன். குமுளி, அணக்கரை, வண்டன்மேடு வரைக்கும் ஏலக்காய் ஸ்டோர், ரிசார்ட் வேலைகளுக்கு வருவேன். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தச் சமையலறை ஜன்னல் ஒயரை இன்றைக்கே நிறுத்துங்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு யூனிட் என்றால் 1000 வாட் ஒரு மணி நேரம். அந்த மதுரைக்காரர்கள் வண்டியில் சின்ன ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடினால் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். லைட், ஃபேன், போன் எல்லாம் சேர்த்தாலும் அரை யூனிட். பேட்டரி கொஞ்சம் ஏறியிருக்கும். மொத்தம் இரண்டு, இரண்டரை யூனிட் என்று வையுங்கள். பெங்களூர் வண்டியில் ஒரு டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்திலிருந்து எட்டு யூனிட் வரும். 2000 வாட் இண்டக்‌ஷன் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட். 15 லிட்டர் கீசர் ஒரு தடவை சூடாக அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஆறு பேர் குளித்தால் மூன்று யூனிட்டுக்கு மேல். ஆக, ஏறத்தாழ 12 யூனிட் இழுத்திருக்கும். யூனிட் 9 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும், ஒருவர் 20 ரூபாய்க்கு எரித்திருக்கிறார், இன்னொருவர் 110 ரூபாய்க்கு. இரண்டு பேரிடமும் 300. கரண்டை வைத்துப் பார்த்தால் இருவருமே கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் அந்தப் பெரியவர்கள் ரொம்பக் கூடுதலாக.

அதனால் ஏ.சி. உண்டு, இல்லை என்ற இரண்டு விலை எனக்குச் சரியாகப் படவில்லை தம்பி. ஏ.சி. இல்லாத வண்டியில் நாள் முழுக்க ஹீட்டர் ஓடலாம். டிசம்பரில் குமுளிக் குளிரில் யாரும் ஏ.சி. போடப்போவதில்லை, கீசரும் ஹீட்டரும்தான். எதை வைத்து எரித்தாலும் மீட்டர் ஒன்றாகத்தான் எண்ணும். வண்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு சப் மீட்டர். போர்டுக்குள் மாட்டும் விரல் அகல டின் ரெயில் மீட்டர் கம்பம் கடைகளிலேயே கிடைக்கிறது, ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. வண்டி வந்ததும் வந்தவரையே கூப்பிட்டு ரீடிங் காட்டி ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். போகும்போது இன்னொரு தடவை. கழித்தால் கணக்கு முடிந்தது.

இப்போது பெரிய விஷயம். உங்கள் கரண்டின் அடக்க விலை என்ன என்று உங்களுக்கே தெரியாது. தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. சுற்றுலாத் துறை அங்கீகரித்த ஹோம்ஸ்டேக்குக் கேரளாவில் வீட்டு டாரிஃப்தான், அதாவது வீடுகளுக்கான கட்டண விகிதம்தான் போடுவார்கள். வீட்டு டாரிஃபில் மாதம் 250 யூனிட் வரைக்கும் படி படியாக விலை ஏறும். முதல் 50க்கு ஒரு விலை, அடுத்த 50க்கு வேறு விலை, அப்படி. 250ஐத் தாண்டிவிட்டால் அந்தப் படிக்கட்டே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, அப்படியானால் 500தான் எல்லை. வழக்கமாக 470, 480இல் நிற்கிற வீட்டில் நாலு கேரவன் வந்து 40 யூனிட் இழுத்தால் எல்லையைத் தாண்டிவிடும். அந்த 40 யூனிட்டுக்கு மட்டுமா கூடும்? வீட்டுக்கு எரித்த 480க்கும் சேர்த்துக் கூடும். பில்லை யூனிட்டால் வகுத்துச் சராசரி பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் முதல் சில யூனிட் இலவசம் என்கிற கணக்கு வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைவிட முக்கியம், வீட்டு டாரிஃபில் வாங்கிய கரண்டைக் கேரவன் பார்க்கிங்குக்குக் கொடுக்கலாமா என்பது. ஹோம்ஸ்டே அறைக்குக் கிடைத்த சலுகை வெளியே நிற்கிற வண்டிக்கும் சேரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அனுமதித்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குக் கரண்ட் எரித்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு டாரிஃப் போட முடியும். மின்வாரிய ஸ்குவாடு (சோதனைக் குழு) வந்து எழுதிவிட்டுப் போன பிறகு அழுது பயனில்லை. செக்‌ஷன் ஆபீஸுக்கு (உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகம்) போய், கேரவன் பாயிண்டுக்குத் தனி கனெக்‌ஷன் வேண்டும், எந்த டாரிஃப் என்று எழுதிக் கேளுங்கள். வணிக டாரிஃப் என்றுதான் சொல்வார்கள் என நினைக்கிறேன். சொல்லட்டும். விலை கூடினாலும் அடக்கம் என்னவென்று பைசா சுத்தமாகத் தெரியும், வீட்டு பில்லும் பத்திரமாக இருக்கும்.

ஜன்னல் ஒயருக்கு வருகிறேன். தகரக் கூண்டுக்குள் ஆள் தூங்குகிறார். கீழே நனைந்த மண். வண்டி பாடியில் கரண்ட் கசிந்தால் இறங்கிக் கால் வைக்கிறவர் உடம்பு வழியாகத்தான் அது தரைக்குப் போகும். அதனால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் உடனே கரண்டை வெட்டும் சுவிட்ச்) வேண்டும், இரண்டுக்கும் பொதுவாக ஒன்று போதாது. 10 ஆம்ப் எம்.சி.பி. (தானாக விழும் சுவிட்ச்) போடுங்கள், 2300 வாட்டைத் தாண்டி ரொம்பக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் இழுத்தால் விழுந்துவிடும். வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இண்டக்‌ஷனும் கீசரும் ஒரே நேரத்தில் கூடாது என்று. சாக்கெட் நீல நிற இண்டஸ்ட்ரியல் டைப், மூடி உள்ளது, மழை தாங்குவது. நல்ல எர்த். இது எதுவும் இல்லாமல் பத்து ரூபாய் வாங்கினாலும் தப்பு, இலவசமாகக் கொடுத்தாலும் தப்பு.

*

லீட்ஸ் செங்கோட்டைக்காரி எழுதியது:

குமுளி அக்காவுக்கு வணக்கம். எனக்குச் செங்கோட்டை. இங்கிலாந்தில் லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். பழைய மோட்டார்ஹோம் ஒன்று வைத்திருக்கிறோம், லீவு கிடைத்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போன்ற சின்ன இடங்கள் இங்கே ஏராளம். விவசாயி ஒருவர் தன் வயலோரத்தில் ஐந்து வண்டி வரைக்கும் நிறுத்திக்கொள்ளக் கேரவன் சங்கங்கள் சான்றிதழ் கொடுக்கும். எனக்குப் பிடித்த இடங்கள் அவைதான். கதவைத் தட்டினால் வீட்டம்மா வெளியே வந்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கை காட்டுவார். ஓரமாக ஒரு குட்டைத் தூண், அதில் நீல நிற மூன்று பின் சாக்கெட், பெரும்பாலும் 16 ஆம்ப். 25 மீட்டர் ஆரஞ்சு கேபிளை நாங்களே கொண்டுபோவோம். அந்த கேபிளைச் சுருளாக வைத்துக்கொண்டு கரண்ட் எடுக்கக் கூடாது, முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். சுருளுக்குள் சூடு தங்கி ஒயர் உருகிவிடும். இதை உங்களிடம் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

பணம் வாங்குவதில் இங்கே பல வழிகள் உண்டு. சில இடங்களில் இட வாடகைக்குள்ளேயே கரண்ட் அடங்கிவிடும். சில இடங்களில் ராத்திரிக்கு இவ்வளவு என்று தனித் தொகை, அதிலும் குளிர்காலத்துக்குக் கூடுதல். இன்னும் சிலர் மீட்டர் பார்த்து வாங்குகிறார்கள், அல்லது முன்பணம் போட்ட கார்டைச் செருகினால் தீரும் வரைக்கும் கரண்ட் வரும். 2022இல் இங்கே மின் விலை தாறுமாறாக ஏறியது. அதற்குப் பிறகு ஒரே தொகை வாங்கியவர்கள் பலர் மீட்டருக்கு மாறிவிட்டார்கள்.

ஏன் மாறினார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். மோட்டார்ஹோமில் ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெந்நீர் எல்லாம் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். ஒரு சுவிட்சைத் திருப்பினால் போதும். ஒரே தொகை என்றால் வந்தவுடன் எல்லோரும் கரண்டுக்குத் திருப்பிவிடுவார்கள், கேஸ் மிச்சமாகட்டும் என்று. வாசலில் வைக்கும் துணிக் கூடாரத்துக்குள் கூட 2000 வாட் ஹீட்டரை வைத்துவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவார்கள். அது ஒரு நாள் முழுக்க ஓடினால் 48 யூனிட். அதே ஆட்கள் மீட்டர் உள்ள இடத்துக்குப் போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பு வந்தால் யாருக்கும் கை தாராளமாகிவிடும். அந்தப் பெங்களூர்க் குடும்பமும் உங்களை ஏமாற்றவில்லை. 300 கொடுத்தோம், எரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள்.

இங்கே இன்னொரு விதி உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வீட்டு உபயோகத்துக்கு மின்சாரத்தை மறுபடி விற்கிறவர், தான் வாங்கிய விலைக்கு மேல் விற்கக் கூடாது. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2003 முதல் இதை வைத்திருக்கிறது. மீட்டர் பார்த்து வாங்கும் கேரவன் இடங்களுக்கும் அது பொருந்தும். நிலையான கட்டணத்தில் பங்கு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் யூனிட்டின் மேல் லாபம் வைக்க முடியாது. லாபம் வேண்டுமா, இட வாடகையைக் கூட்டிக்கொள், அது உன் விருப்பம். உங்கள் ஊரில் இப்படி விதி இல்லாவிட்டாலும் அக்கா, நீங்களாகவே இதைக் கடைப்பிடியுங்கள் என்பேன். உங்கள் உழைப்பு இடத்தில்தான் இருக்கிறது. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் கொடுத்து, கேட்டைத் திறந்துவிட்டு, ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து பார்க்கிறீர்கள். அதற்கு 500 போதாது என்றால் 700 கேளுங்கள், கூசாமல் கேளுங்கள். கரண்டுக்குள் அதை ஒளித்து வைத்தால் அந்த ஆசிரியர் அம்மா கேட்ட மாதிரி யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஃபிரான்ஸில் வேறு ஒரு முறை பார்த்தோம். அங்கே 6 ஆம்ப் வேண்டுமா, 10 ஆம்ப் வேண்டுமா என்று கேட்டு அதற்கேற்ற விலை சொல்வார்கள். 6 ஆம்ப் என்றால் 1380 வாட். இங்கிலாந்துக் கெட்டிலைப் போட்டதுமே விழுந்துவிடும். மீட்டர் வேண்டாம், யூனிட் எண்ண வேண்டாம் என்பது அதில் உள்ள வசதி. ஆனால் 6 ஆம்பையே இருபத்து நாலு மணி நேரமும் இழுக்கிறவரை அது தடுக்காது. சின்ன இடத்துக்கு மீட்டர்தான் நல்லது என்று அந்த அண்ணன் சொன்னதே என் கருத்தும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதல் இரண்டு மூன்று யூனிட்டை இட வாடகைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வந்து பேட்டரி ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் 18 ரூபாய், 22 ரூபாய் என்று சில்லறை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

*

கோவை வேன்காரன் எழுதியது:

லீட்ஸ் அக்கா சொன்னது எனக்கு முழுக்கச் சம்மதம். மூன்று யூனிட் உள்ளே இருந்தால் எனக்கு மீட்டர் இருப்பதே தெரியாது. கூடுதலாக எரிக்கிறவர் கொடுக்கட்டும். ஏ.சி. விலை யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

*

பாலக்காடு கணக்கர் எழுதியது:

வரி பக்கம் ஒருவரும் பேசவில்லை, நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் மொத்த வரவு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. மூன்று அறை ஹோம்ஸ்டே பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். ஆனால் அறைகளை ஆன்லைன் தளங்கள் வழியாகக் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இருந்தால், ஒரு நாளைக்கு 7500 ரூபாய்க்கு உட்பட்ட தங்கும் கட்டணத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஜி.எஸ்.டி.யில் தங்குமிடம் என்ற வரையறைக்குள் கேம்ப்சைட்டும் வருகிறது.

மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று சிலர் சொல்வார்கள். தனியாக மின்சாரத்துக்கு இல்லை, அது உண்மைதான். வாடகையோடு சேர்த்துக் கொடுத்தால் வாடகைக்கு என்ன வரியோ அதுவே மின்சாரத்துக்கும். எரித்த யூனிட்டுக்கு, மின்வாரியம் உங்களிடம் வாங்கிய அதே விலையை அப்படியே வாங்கிக் கட்டினால் மட்டும் அது உங்கள் வரவில் சேராது. கட்டிட வாடகை விஷயத்தில் 2023 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. லாபம் வைக்காமல் வாங்குங்கள் என்று மேலே சொன்னதற்கு வரிக் கணக்கிலும் ஒரு பயன் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. உரிமம் இல்லாமல் மின்சாரம் விநியோகிப்பதையும் வியாபாரம் செய்வதையும் மின்சாரச் சட்டம் 2003இன் 12ஆம் பிரிவு தடுக்கிறது. மின் வண்டி சார்ஜிங்குக்கு மட்டும், அது சேவைதான், உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. கேரவனுக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. அதனால் கேட்டில் "கரண்ட் யூனிட் இவ்வளவு" என்று போர்டு மாட்ட வேண்டாம். தங்க வந்த விருந்தினர் எரித்ததை ஈடுகட்டிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். ரசீதிலும் அப்படியே எழுதுங்கள். செக்‌ஷன் ஆபீஸில் கேட்கும்போது இதையும் சேர்த்து எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

*

குமுளி ஹோம்ஸ்டே எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன். பில்லை எடுத்துப் பார்த்தோம். போன சீசனில் இரண்டு மாதத்துக்கு 512 யூனிட். அந்த பில் மட்டும் ஏன் அவ்வளவு வந்தது, மீட்டர் பழுதா என்று லைன்மேனிடம் கேட்டுக்கூட இருந்தோம். கம்பத்து அண்ணன் சொன்ன 500 எல்லையை அன்று தாண்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜன்னல் ஒயரைக் கழற்றியாயிற்று. தனி கனெக்‌ஷன் வரும் வரைக்கும் வண்டி நிறுத்த மட்டும்தான் இடம், கரண்ட் கிடையாது என்று சொல்லிவிடப் போகிறோம். ஐயப்ப சீசனில் கேட்கிறவர்கள் அதிகம், ஆனாலும் பரவாயில்லை.

இரண்டு சந்தேகம். கரண்ட் போனால் என்ன செய்வது? மழைக்காலத்தில் மரம் லைனில் விழுந்தால் அரை நாள் வராது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதிலிருந்து கேரவனுக்கும் கொடுக்கலாமா? அடுத்தது, இப்போதெல்லாம் அறையில் தங்க வருகிறவர்களே மின் கார் கொண்டுவந்து "ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்கிறேன்" என்கிறார்கள். அதே பாயிண்டில் போடலாமா?

*

கம்பம் ஒயர்மேன் எழுதியது:

இன்வெர்ட்டரிலிருந்து கூடாது தங்கச்சி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏ.ஹெச். என்றால் உள்ளே இருப்பது ஒன்றே முக்கால் யூனிட்தான், அதிலும் முழுக்க எடுக்க முடியாது. ஒருவர் கெட்டில் போட்டால் உங்கள் வீட்டு லைட் அணைந்துவிடும். கேரவனில் அவர்களுக்கே பேட்டரி இருக்கிறது, ஒரு ராத்திரி தாங்கும். கரண்ட் இல்லாத நேரத்துக்குப் பொறுப்பு இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். மீட்டர் வைத்திருப்பதால் வராத கரண்டுக்கு யாரும் பணம் கொடுக்கப்போவதில்லை, அந்தத் தகராறும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு போர்டில் ஒரு எஸ்.பி.டி.யும் (மின்னலால் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) போட்டுவிடலாம். இல்லாவிட்டால் அவர்களுடைய சார்ஜர் கருகி உங்களிடம் வந்து நிற்பார்கள்.

மின் காருக்கு அந்தப் பாயிண்ட் வேண்டாம். சாதாரண 16 ஆம்ப் சார்ஜர் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், விடாமல் எட்டு மணி நேரம். 25 யூனிட் போய்விடும். 10 ஆம்ப் எம்.சி.பி.யில் அது நிற்கவே நிற்காது. பெரிய பிரேக்கர் மாற்றச் சொல்லி யார் கேட்டாலும் மாற்றாதீர்கள். தேவை என்றால் பின்னாடி தனியாக ஒரு 16 ஆம்ப் பாயிண்ட், தனி கேபிள், தனி மீட்டர் போட்டுத் தருகிறேன். அதில் இலவச யூனிட் எதுவும் வைக்காதீர்கள்.

கனெக்‌ஷனுக்கு எழுதும்போது கனெக்டட் லோட், அதாவது எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் என்பதை, சரியாகப் போடுங்கள். இரண்டு கேரவன் பாயிண்ட் 4.6 கிலோவாட். காரையும் சேர்த்தால் ஐந்தைத் தாண்டும், த்ரீ ஃபேஸ் கேட்பார்கள். அதனால் இப்போதே யோசித்து முடிவெடுங்கள், இரண்டு தடவை அலைய வேண்டாம். மெயின் போர்டு வருகிற இடத்திலிருந்து தொழுவம் எவ்வளவு தூரம்?

*

குமுளி ஹோம்ஸ்டே எழுதியது:

டேப் வைத்து அளந்தோம் அண்ணா. சுவரோரமாகப் போனால் 48 மீட்டர். கார் பாயிண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறோம், த்ரீ ஃபேஸே வரட்டும்.

விலையும் முடிவு செய்துவிட்டோம். இடம், தண்ணீர், குளியலறை, மூன்று யூனிட் கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 700. அதற்கு மேல் எரிந்தால் அந்த மாத பில்லில் யூனிட் எவ்வளவோ அதுதான், ஒரு ரூபாய் கூடுதல் இல்லை. பில் நகலை வரவேற்பு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கரண்டே வேண்டாம் என்கிறவருக்கு 650.

*

கம்பம் ஒயர்மேன் எழுதியது:

48 மீட்டர் என்றால் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள் போதாது. இரண்டு வண்டியும் சேர்ந்து 20 ஆம்ப் இழுத்தால் வழியிலேயே 17 வோல்ட் போய்விடும். சாயங்காலம் உங்கள் பக்கம் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கித்தான் இருக்கும், அதில் இதுவும் சேர்ந்தால் ஏ.சி. கம்ப்ரசர் திணறும். இரும்புக் கவசம் சுற்றிய 6 ஸ்கொயர் ஆர்மர்டு கேபிள் போட்டால் ஏழு வோல்ட்தான் குறையும். செலவு கூடத்தான் செய்யும், ஆனால் ஒரு தடவை பள்ளம் தோண்டினால் போதும். கார் பாயிண்டுக்கும் அதே பள்ளத்தில் இன்னொரு கேபிளைச் சேர்த்து இறக்கிவிடலாம்.

பள்ளம் இரண்டரை அடி ஆழம் இருக்கட்டும், அடியில் மணல், கேபிளுக்கு மேல் செங்கல். சுவரோரத்தில் மிளகுக் கொடி, பாக்கு மரம் எதுவும் இருந்தால் வேரை வெட்ட வேண்டாம், கொஞ்சம் தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். செக்‌ஷன் ஆபீஸில் எஸ்டிமேட் கிடைத்ததும் சொல்லுங்கள். கேரள லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் குமுளியிலேயே எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், முடித்த பிறகு கொடுக்கும் ரிப்போர்ட்டில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நானும் அவரும் சேர்ந்து வருகிறோம்.